சி.டி.சி. 6 லட்சம் என்றால் மாதம் கைக்கு எவ்வளவு வரும்?

ஆஃபர் லெட்டர் வந்ததும் பெரும்பாலானோர் போடும் கணக்கு ஒன்றுதான்: 6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. அதை நம்பி வாடகைக்கு வீடு பார்த்து, பைக்குக்குத் தவணையும் பேசி முடித்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் 37,000 வந்து விழும்போது கம்பெனி ஏமாற்றிவிட்டதோ என்று சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. ஆஃபர் லெட்டரில் போட்டிருந்தது சி.டி.சி. அதைச் சம்பளம் என்று படித்ததில்தான் கோளாறு.

சி.டி.சி. என்பது காஸ்ட் டு கம்பெனி என்பதன் சுருக்கம். உங்களை ஓர் ஆண்டு வேலையில் வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு அது. அந்தச் செலவில் ஒரு பகுதி மாதாமாதம் உங்கள் கைக்கு வரும். ஒரு பகுதி பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேரும். ஒரு பகுதி காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். ஒரு பகுதி சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும், அதுவும் சில ஆண்டுகள் கழித்து வரும். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எல்லாமே செலவுதான். உங்கள் வீட்டு வரவு செலவில் அப்படி இல்லை.

சி.டி.சி. என்ற சொல்லுக்கு இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் வரையறை கிடையாது. மனிதவளத் துறைகளின் புழக்கத்தில் உருவான சொல் இது. அதனால் எதையெல்லாம் அதற்குள் அடக்குவது என்பது அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். ஒரு கம்பெனி கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையைச் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. கேன்டீன் சாப்பாட்டு மானியத்தையும் ஆபீஸ் பஸ் செலவையும்கூட ரூபாயாக மாற்றிச் சேர்ப்பவர்கள் உண்டு. எனவே இரண்டு கம்பெனிகளின் சி.டி.சி. தொகையை அப்படியே அருகருகே வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் பயனில்லை.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் இன்னும் இரண்டு. பிடித்தம் எதுவும் செய்வதற்கு முன்னால் மாதம் உங்களுக்கு உரிய தொகை கிராஸ். பிடித்தமெல்லாம் போக வங்கியில் வந்து விழுவது நெட், பேச்சு வழக்கில் டேக் ஹோம். ஆஃபர் லெட்டரில் பெரிய எழுத்தில் இருப்பது சி.டி.சி.; உங்கள் வாழ்க்கையை நடத்துவது டேக் ஹோம்.

6 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்

சென்னையில் ஒரு தனியார் கம்பெனி, ஆண்டுக்கு 6,00,000 சி.டி.சி. தருவதாக வைத்துக்கொள்வோம். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் அனெக்ஷர் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் ஆண்டுத் தொகைகள் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 3,00,000
வீட்டு வாடகைப் படி 1,50,000
ஸ்பெஷல் அலவன்ஸ் 30,000
கம்பெனியின் பி.எஃப். பங்கு 36,000
கிராஜுவிட்டி 14,430
மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 9,570
வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) 60,000

கூட்டினால் சரியாக 6,00,000. இதில் மாதச் சம்பளமாக வருவது முதல் மூன்று வரிகள் மட்டுமே. அவற்றின் கூட்டுத்தொகை 4,80,000, அதாவது மாதம் 40,000. இதுதான் கிராஸ். இதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000 பிடிப்பார்கள். மீதி 37,000.

தொழில் வரி என்று இன்னொரு பிடித்தமும் உண்டு. தமிழ்நாட்டில் இதை மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. இந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் அரையாண்டுக்கு 1,250. அதனால் ஆண்டில் இரண்டு மாதங்களில் மட்டும் சம்பளம் கொஞ்சம் குறைந்து வரும்; சில கம்பெனிகள் மாதாமாதம் சிறு தொகையாகப் பிரித்தும் பிடிக்கும். அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவின்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இதை வசூலிக்க முடியாது. வருமான வரியைப் பொறுத்தவரை, 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வரி இல்லை என்பதால் இந்த உதாரணத்தில் அது பூஜ்யம்.

50,000 எப்படி 37,000 ஆனது என்பதன் முழுக் கணக்கு இவ்வளவுதான். 13,000 காணாமல் போகவில்லை. பல இடங்களுக்குப் பிரிந்து போயிருக்கிறது. அதில் எது உங்களுடையது, எது நிபந்தனைக்கு உட்பட்டது என்பதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

பி.எஃப்.: நிச்சயமாக உங்கள் பணம்

நீங்கள் 12 சதவீதம் கட்டினால் கம்பெனியும் 12 சதவீதம் கட்ட வேண்டும். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில்தான் இந்தச் சதவீதம். நம் உதாரணத்தில் இருவரும் மாதம் 3,000 வீதம் கட்டுகிறார்கள். 2024-25க்கான வட்டி 8.25 சதவீதம். சி.டி.சி.க்குள் அடங்கியிருந்தாலும் இது வீண் போகும் தொகை அல்ல.

பாஸ்புக்கைத் திறந்து பார்க்கும் பலர் ஒரு விஷயத்தில் குழம்புகிறார்கள். தங்கள் பங்கு 3,000 என்று இருக்கிறது, கம்பெனி பங்கு மட்டும் 1,750 என்று இருக்கிறது. கம்பெனி குறைத்துக் கட்டுகிறது என்று கோபம் வருகிறது. உண்மையில் கம்பெனி கட்டும் தொகையிலிருந்து 15,000 ரூபாய் ஊதியத்துக்கு 8.33 சதவீதம், அதாவது 1,250, பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. பாஸ்புக்கில் அதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு, 15,000க்கு மேல் பேசிக் உள்ள வேலையில் முதல்முறையாகச் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் திட்டம் பொருந்தாது. அவர்களுக்கு முழு 3,000 ரூபாயும் பி.எஃப். பக்கமே நிற்கும்.

பேசிக் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப். கணக்கிடச் சட்டம் அனுமதிக்கிறது. அப்போது இரு தரப்பும் 1,800 கட்டினால் போதும். இந்தத் தேர்வு டேக் ஹோமை நேரடியாக மாற்றும். அதே 6 லட்சத்தில் கம்பெனி பங்கு 3,000இலிருந்து 1,800 ஆகக் குறைந்தால், மிஞ்சும் 1,200 ஸ்பெஷல் அலவன்ஸில் சேர்ந்து கிராஸ் 41,200 ஆகிவிடும். உங்கள் பிடித்தமும் 1,800 ஆகிவிடுவதால் கைக்கு வருவது 39,400. மாதம் 2,400 கூடுதல். ஆனால் சேமிப்பில் அதே 2,400 குறைகிறது. கடன் நெருக்கடி ஏதும் இல்லாத இளைஞர்களுக்கு முழு 12 சதவீதமே நல்லது என்பது எங்கள் கருத்து. கையில் வந்த 2,400 தானாகச் சேமிப்பாக மாறுவது அபூர்வம்.

பிடித்த பணத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதமே யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பார்த்துவிடுங்கள். பல மாத நிலுவை சேர்ந்த பிறகு தெரிந்தால், வாங்குவதற்குப் பெரும்பாடு படவேண்டியிருக்கும்.

கிராஜுவிட்டி: ஐந்து ஆண்டு நிபந்தனை

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த உரிமை இது. கடைசியாக வாங்கிய மாதப் பேசிக்கை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பேசிக் 25,000 என்றால் ஓர் ஆண்டுக்கு 14,423. ஆண்டுப் பேசிக்கில் இது ஏறக்குறைய 4.81 சதவீதம், அனெக்ஷரில் அந்தச் சதவீதத்தைப் பார்த்தால் கிராஜுவிட்டி என்று புரிந்துகொள்ளலாம்.

ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் இது கிடைக்கும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் கேட்காமல் தானாகத் தரும் கம்பெனிகள் குறைவு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஓர் ஆண்டு முடிந்தாலே உண்டு. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு அதே ஐந்து ஆண்டுதான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி மாறுபவர் என்றால், சி.டி.சி.யில் இருக்கும் கிராஜுவிட்டியை மனத்தளவில் அடித்துவிடுங்கள். அது உங்கள் கைக்கு வரப்போவதில்லை.

வேரியபிள் பே: கேள்வி கேட்க வேண்டிய இடம்

ஆஃபர் லெட்டரில் மனதை மயக்கும் பகுதி இதுதான். உங்கள் ரேட்டிங், உங்கள் டீமின் இலக்கு, கம்பெனியின் லாபம் ஆகியவற்றைப் பொறுத்து இது 60,000 முழுதாகவும் வரலாம், 35,000 ஆகவும் வரலாம், வராமலும் போகலாம். காலாண்டுக்கு ஒருமுறை தரும் இடங்களும் உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை தரும் இடங்களும் உண்டு. பணம் வழங்கும் தேதியில் வேலையில் இருந்தாக வேண்டும் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மார்ச்சில் ஆண்டு முடிந்து ஜூனில் வேரியபிள் தரும் கம்பெனியில், மே மாதம் விலகினால் ஆண்டு முழுவதும் உழைத்ததற்கான தொகை கிடைக்காமல் போகலாம். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் இந்த வரியைத் தேடிப் படியுங்கள். சில இடங்களில் நோட்டீஸ் பீரியடில் இருந்தாலே கிடையாது.

ஜாயினிங் போனஸ் இதற்கு உறவு. ஒரே ஒருமுறை வரும் பணம், முதல் ஆண்டு சி.டி.சி.யைப் பெரிதாகக் காட்டும். ஓர் ஆண்டுக்குள் அல்லது இரண்டு ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வரும். வருமான வரி பிடித்த பிறகுதான் அது கைக்கு வந்திருக்கும். திருப்பிக் கேட்கும்போது சில கம்பெனிகள் வரி பிடிக்காத முழுத் தொகையைக் கேட்கும். ஸ்டார்ட்அப்களில் இ.எஸ்.ஓ.பி. எனப்படும் பங்குகளின் மதிப்பையும் சேர்த்துச் சொல்வார்கள். அவை பெரும்பாலும் நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கு உரிமையாகும். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் பொதுவாக எதுவும் கிடைக்காது. மாதச் செலவுக்கு அதை நம்ப முடியாது.

காப்பீட்டில் ஒன்றே ஒன்று. சி.டி.சி.யில் வர வேண்டியது பிரீமியம் தொகை. 3 லட்சம், 5 லட்சம் என்ற காப்பீட்டு வரம்பையே சி.டி.சி.யில் கூட்டிக் காட்டினால் அந்த ஆஃபரை நம்ப வேண்டாம்.

சம்பளம் 21,000க்குள் என்றால்

ஃபேக்டரி, கடை, மருத்துவமனை வேலைகளில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு முக்கியம். மாத ஊதியம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஊழியர் 0.75 சதவீதமும் கம்பெனி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். கிராஸ் 18,000, அதில் பேசிக் 15,000 என்றால் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135 போக கைக்கு வருவது 16,065. அதே ஆளின் மாத சி.டி.சி. 21,000ஐத் தாண்டும்: 18,000, கம்பெனியின் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 585, கிராஜுவிட்டி 721. மேன்பவர் ஏஜென்சிகள் பேசும்போது 21,000 என்று சொல்வதும், கைக்கு 16,000 வருவதும் இப்படித்தான்.

இவர்களுக்குச் சட்டப்படியான போனஸும் உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். தீபாவளிக்குக் கொடுப்பதால் அதைத் தனிப்பரிசு என்றே பலர் நினைக்கிறார்கள். சி.டி.சி.யில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று சேரும்போதே கேட்டுவிட்டால், ஐப்பசியில் ஏமாற்றம் இருக்காது.

கம்பெனியின் பி.எஃப். பங்கை ஊழியரின் ஊதியத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்பது சட்டம். சி.டி.சி. பேசும்போது அந்தச் செலவையும் கணக்கில் காட்டுவது வேறு. பேசி முடித்த கிராஸில் 12 சதவீதத்துக்குப் பதில் 24 சதவீதம் பிடிப்பது வேறு. இரண்டாவது நடந்தால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

30 சதவீத ஹைக் கொடுத்தும் குறையும் சம்பளம்

கம்பெனி மாறும்போது ‘எத்தனை சதவீதம் ஹைக்?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மேலே பார்த்த அதே ஊழியருக்கு 7,80,000 சி.டி.சி.யில் புது ஆஃபர் வருகிறது. சரியாக 30 சதவீத உயர்வு. அனெக்ஷரில் வேரியபிள் 1,56,000, ஜாயினிங் போனஸ் 60,000. பேசிக் 3,90,000. அதற்குக் கம்பெனியின் பி.எஃப். 46,800, கிராஜுவிட்டி 18,759, காப்பீடு 12,441.

7,80,000இலிருந்து பேசிக் தவிர இவற்றையெல்லாம் கழித்தால் நிற்பது 4,86,000. மாத கிராஸ் 40,500. உங்கள் பி.எஃப். பங்கு 3,900 போனால் டேக் ஹோம் 36,600. பழைய இடத்தில் 37,000 வந்தது! மாதம் 400 ரூபாய் குறைவு. பி.எஃப். சேமிப்பு இரு பக்கமும் 900 வீதம் கூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 1,80,000 உயர்வில் உறுதியான பங்கு எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள். இதனால்தான் ஒப்பிடும்போது ஃபிக்ஸடை ஃபிக்ஸடோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இங்கே பேசிக்கும் படிகளும் சேர்ந்த ஃபிக்ஸட் 4,80,000இலிருந்து 4,86,000 ஆகியிருக்கிறது. உண்மையான ஹைக் 1.25 சதவீதம்.

பேசிக் ஏன் பாதியாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பேசிக்கை ஒட்டியே கணக்கிடப்படுவதால் அதை 30, 35 சதவீதத்தில் வைத்து மீதியைப் படிகளாகக் காட்டும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2025 நவம்பரில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். பி.எஃப்.ஐ 15,000 வரம்பில் வைத்திருக்கும் கம்பெனிகளில் இதனால் டேக் ஹோம் குறைய வேண்டியதில்லை. கிராஜுவிட்டி மட்டும் கூடும்.

பேசும்போது எப்படிச் சொல்வது

‘அவனுக்குப் பன்னிரண்டு எல்.பி.ஏ.’ என்று நண்பர்கள் சொன்னால் ஆண்டுக்கு 12 லட்சம் சி.டி.சி. என்று பொருள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சொல்லப்படும் தொகையும் பெரும்பாலும் சி.டி.சி.தான், மாதச் செலவைத் திட்டமிடும் இரு வீட்டாரும் டேக் ஹோமைக் கேட்பதில் தவறே இல்லை. அரசு வேலையில் இந்தச் சொல் புழங்குவதில்லை. அங்கே பே லெவல், பஞ்சப்படி என்றுதான் பேச்சு.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஹெச்.ஆர். தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்க கரண்ட் சி.டி.சி. எவ்வளவு, எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு?’ என்பதாக இருக்கும். ‘ஆறு லட்சம் மேடம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் இப்படிச் சொல்லலாம்: ‘ஃபிக்ஸட் நாலு லட்சத்து எண்பதாயிரம், வேரியபிள் அறுபதாயிரம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து மொத்த சி.டி.சி. ஆறு லட்சம் மேடம். எனக்கு ஃபிக்ஸட்ல ஆறு லட்சம் எதிர்பார்க்கிறேன்.’ எதிர்பார்ப்பை ஃபிக்ஸடில் சொல்வதுதான் இதில் முக்கியம். அதன் பிறகு வேரியபிளை ஏற்றி 30 சதவீதம் காட்ட அவர்களுக்கு இடமிருக்காது.

வாங்குவதைவிடத் தொகையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், வங்கி ஸ்டேட்மெண்ட், ஃபார்ம் 16 எல்லாம் பிறகு கேட்பார்கள். சரிபார்ப்பில் முரண்பட்டால் சேர்ந்த பிறகும் ஆஃபரை ரத்து செய்ய முடியும்.

ஆஃபர் வந்ததும், கையெழுத்துப் போடும் முன், தயங்காமல் கேட்டுவிடுங்கள்: ‘மேடம், சாலரி பிரேக்கப் அனுப்ப முடியுமா? மாச கிராஸ் எவ்வளவு, பி.எஃப். பன்னிரண்டு சதவீதமா ஆயிரத்து எண்ணூறா, வேரியபிள் எந்த மாசம் தருவீங்க, போன வருஷம் சராசரியா எத்தனை சதவீதம் வந்துச்சு?’ இவற்றைக் கேட்பதால் ஆஃபர் போய்விடாது, ஹெச்.ஆர். அன்றாடம் பதில் சொல்லும் கேள்விகள்தான். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

நிதியாண்டின் நடுவில் மாறுபவர்கள், பழைய கம்பெனியில் அந்த ஆண்டு வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதுக் கம்பெனியின் பே ரோல் பிரிவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனிகளும் தனித்தனியாகச் சம்பளக்காரர்களுக்கான 75,000 கழிவையும் வரித் தள்ளுபடியையும் கொடுத்துக் கணக்குப் போடும். ஆறு மாதம் அங்கே 6 லட்சம், ஆறு மாதம் இங்கே 9 லட்சம் வாங்கியவருக்கு இரண்டு இடத்திலும் வரி பூஜ்யமாகத் தெரியும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது 15 லட்சத்துக்கான வரி வட்டியோடு மொத்தமாக வந்து நிற்கும்.